என் ஃப்ளாஷ் போட்ட ஐந்து பிறைகள்

1. பிறை எங்கே?

சேலையூரில் கோமதி அக்கா வீட்டு மொட்டைமாடி. காலை ஏழரை மணி. அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் அடீனியம் செடியின் முன்னால் குனிந்து நின்றார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"மெஹர்."

"சொல்லுங்கக்கா."

"இங்க வா. இந்தப் பூவைப் பாரு. பிறை எங்க?"

போய்ப் பார்த்தேன். ஐந்து இதழ். கறுப்பு என்றே சொல்லிவிடலாம், அப்படி ஒரு கருஞ்சிவப்பு. அதில் வெள்ளையாக ஒரு கடுகு அளவுகூட எதுவும் இல்லை. செடி மாறிவிட்டதோ என்று தொட்டியில் செருகியிருந்த லேபிளைப் பார்த்தேன். அக்காவின் குண்டுக் கையெழுத்தில் 'பிறை' என்று இருந்தது. அதே செடிதான்.

அந்தச் செடியின் முதல் பூவை நான்தான் படம் எடுத்திருந்தேன். படத்தில் ஒவ்வொரு இதழிலும் ஒரு வெள்ளைப் பிறை இருந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் அக்கா செடிக்குப் பெயர் வைத்தார். அதே படத்தை எட்டடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்தார்கள். நான்கு நாளில் அங்கே கண்காட்சி. அதில் அக்கா இந்தச் செடியைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும்.

என் பெயர் மெஹருன்னிசா. குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பூவையும் பூச்சியையும் கிட்டே போய் எடுக்க மேக்ரோ ஃப்ளாஷ் வாங்கிய இளசுகள் சிலர், "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று பிடுங்கி எடுத்ததால் எழுதுகிறேன். நான் கெட்டிக்காரி என்று காட்டும் கதைகளும் நாலைந்து கைவசம் உண்டு. அதெல்லாம் உங்களுக்கு உதவாது. நான் மூக்குடைபட்ட கதைதான் உதவும்.

2. டாலடிக்கணும்

பூவுக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் நகைதான் எடுத்தேன். கவரிங் நகை, கல் வைத்த நகை. கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்.

"மேடம், கல்லு டாலடிக்கணும். பாக்கறவங்க கண்ணு கூசணும்."

கூச வைத்தேன். எங்கே வெளிச்சம் பட்டால் கல் மின்னும், எந்தக் கோணத்தில் வளையலின் விளிம்பு பளிச்சென்று வரும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். நகைத் தொழிலில் மினுக்கம்தான் சோறு. மினுங்காத படத்தை யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

கேமராவில் ஹைலைட் அலர்ட் என்று ஒன்று இருக்கிறது. படத்தில் எந்த இடத்தில் வெளிச்சம் அதிகமாகக் கொட்டி, விவரமெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிட்டதோ, அந்த இடம் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். 'இங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஜாக்கிரதை' என்று அர்த்தம். நகைப் படத்தில் அத்தனை கல்லும் சிமிட்டும். பக்கத்தில் நிற்கும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், கேமரா பேஜார் பண்ணுதா?" என்பார். ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. ஒரு நாள் எரிச்சலில் அந்த அலர்ட்டை அணைத்துவிட்டேன். அணைத்தவள் திரும்பப் போடவே இல்லை. அதனால் என்ன வரப்போகிறது என்று இருந்தேன்.

பிறகு கடைக்காரர்களே ஃபோனில் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை குறைந்தது. மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் பூப்படம் கேட்டு வந்தார்கள். நானும் செகண்ட் ஹேண்டில் ஒரு ரிங் ஃப்ளாஷ் வாங்கினேன். லென்ஸின் மூக்கைச் சுற்றி வளையமாக மாட்டுவது அது. நகைக்கு நான் பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்து எடுத்தவள். இந்த வளையம் எனக்குப் புதிது. ஆனால் இருபது வருஷ அனுபவம் என்கிற திமிர் இருந்தது. மேனுவலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

3. செல்வி சொன்னது

கோமதி அக்கா பேங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். மாடியில் நானூறு தொட்டி, அத்தனையும் அடீனியம். அடி பருத்து, கிளை சிறுத்து, அரளி மாதிரி ஐந்து இதழில் பூக்கும் செடி அது. வெயில்தான் அதற்குச் சாப்பாடு. நம் பக்கத்து மாடிகளில் நன்றாக வரும்.

அக்கா வெறுமனே வளர்ப்பவர் இல்லை. ஒரு பூவின் மகரந்தத்தை பிரஷ்ஷின் நாலு முடியால் தொட்டு எடுத்து, இன்னொரு பூவுக்குள் வைத்து, காய் பிடிக்க வைத்து, விதை போட்டுப் புது ரகம் உண்டாக்குவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கறுப்புப் பூவில் வெள்ளை ஓரம் வர வேண்டும். கறுப்புச் செடி ஒன்று, வெள்ளை ஓரம் போட்ட இளஞ்சிவப்புச் செடி ஒன்று, இரண்டையும் நாலு வருஷமாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததெல்லாம் வெளிறிய சிவப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடீனியம் விற்பவர்களில் நெட்டில் கிடைக்கிற படத்தைக் காட்டி வேறு செடியைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. வாங்கியவருக்குப் பூத்த பிறகுதான் தெரியும். அந்தக் கும்பலுக்கு நடுவில், 'கோமதி மேடம் சொன்னா அப்படியே இருக்கும்' என்கிற பெயரை அக்கா சம்பாதித்து வைத்திருந்தார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

ஒரு நாள் பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. "மெஹர், நாலாவது பேட்ச்ல ஒண்ணு கறுப்பா பூத்திருக்கு. கண்காட்சியில புது ரகப் போட்டிக்குப் படம் அனுப்ப இன்னைக்குத்தான் கடைசி. உடனே வாம்மா."

போனேன். உச்சி வெயிலில் கண்ணைச் சரியாகத் திறக்கவே முடியவில்லை. தரை கொதித்தது. செடியை நிழல்வலைக்குக் கீழே இழுத்துப் போட்டு, ரிங் ஃப்ளாஷை மாட்டி, ஆட்டோமேட்டிக்கில் விட்டு, பூவுக்கு ஒரு சாண் கிட்டே போய் அடித்தேன். கறுப்புப் பூ என்பதால் ஃப்ளாஷ் தானாகவே கூடுதலாகக் கொட்டியது. திரையில் பார்த்தால் ஒவ்வொரு இதழிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், வெட்டி ஒட்டினது போல் வெள்ளைப் பிறை.

கோமதி அக்கா திரையை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவருக்குப் புரை முற்றியிருந்தது. எல்லாமே பழுப்பு மூட்டத்தில் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம்.

"வெள்ளை! மெஹர், வெள்ளை வந்திடுச்சு! எனக்குத்தான் தெரியலை போல. பாழாப் போன கண்ணு!"

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் கேமரா கீழே விழப் பார்த்தது.

இங்கேதான் நீங்கள் கேட்க வேண்டும்: ஏம்மா, இருபது வருஷம் மினுக்கத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது மினுக்கம் என்று தெரியாதா? தெரியவில்லை. நான் பார்த்த மினுக்கமெல்லாம் புள்ளியும் கோடுமாக, இடத்துக்கு ஒரு தினுசாக இருக்கும். இவ்வளவு ஒழுங்காக, ஐந்து இதழிலும் ஒன்றுபோல் வந்து நான் பார்த்ததே இல்லை. வளைய விளக்கு வளைந்த இதழில் பட்டால் பிறையாகத்தான் தெரியும் என்பது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. சிமிட்டிக் காட்டியிருக்க வேண்டிய அலர்ட்டையும் நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

அப்போது செல்வி வந்தார். மாடியில் தண்ணீர் ஊற்றுவது, மண் மாற்றுவது எல்லாம் செல்விதான். நாற்பது வயது இருக்கும். வாளியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். திரும்பிப் பூவைப் பார்த்தார்.

"இன்னா மேடம், போட்டோல வெள்ள வெள்ளயா கீது, பூவுல ஒண்ணியும் காணோமே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பூவின் பக்கம் தலையைத் திருப்பாமலே சொன்னேன்: "செல்வி, கேமராவுக்குத் தெரியறது எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. நீ போய்த் தண்ணி ஊத்து."

செல்வி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே படத்தை என் ஃபோனுக்கு மாற்றிக் கண்காட்சிக்கு அனுப்பினேன். ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

4. எட்டடிப் பிறை

நாலைந்து நாளில் அந்தப் பூ உதிர்ந்தது. செடியில் வேறு மொட்டு இல்லை. படம் மட்டும்தான் மிச்சம். ஊரெல்லாம் சுற்றியது அந்தப் படம்தான்.

அக்கா பெயரை யோசித்து வைத்திருந்தார். "பிறைன்னே வச்சுடலாம் மெஹர். உங்களுக்கும் பிறை, எங்க சிவன் தலையிலயும் பிறை. ஒருத்தருக்கும் சண்டை கிடையாது."

பொதுவாக, ஒரு செடி மூன்று தடவை பூத்து மூன்று தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அக்கா பெயர் வைப்பார். அது அவருடைய சட்டம். இந்த ஒரு செடிக்கு மட்டும் சட்டத்தை மீறினார். நாலு வருஷ ஆசை, பாவம்.

அதன் கிளையை ஒட்டுக்கட்டிய கிராஃப்ட் செடி வேண்டும் என்று முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் நேரிலேயே வந்து நோட்டில் எழுதிவிட்டுப் போனார். கண்காட்சிக்காரர்கள் போட்டிக்கு வந்த படங்களில் அக்காவுடையதைத் தேர்ந்தெடுத்து வாசலுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் போகும்போது மண்டப வாசலில் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ஐந்து பிறையும் வெயிலில் பளபளத்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம், "அது நான் எடுத்த படம்ங்க" என்று சொல்லிக்கொண்டேன். கேட்காமலேயே சொன்னேன். அவ்வளவு பெருமை.

இதற்கு நடுவில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் விட்ட மொட்டுகளில் ஒன்று, அந்தப் பன்னிரண்டாம் நாள் காலையில் விரிந்தது.

5. நகர்ந்த வெள்ளை

"பிறை எங்க மெஹர்?"

மறுபடியும் கேட்டார். நான் பையைத் திறந்து ரிங் ஃப்ளாஷை மாட்டினேன். ஒரு படம் எடுத்தேன். திரையில் ஐந்து பிறை வந்தது.

"இதோ இருக்கே!" என்றார் அக்கா. உடனே பூவைப் பார்த்தார். "இங்க இல்லையே!" மறுபடியும் திரை. மறுபடியும் பூ. புதுக் கண்ணால் நாலு தடவை மாறி மாறிப் பார்த்தார்.

வளையத்தை லென்ஸிலிருந்து கழற்றி, ஒயர் நீளும் மட்டும் இடது பக்கம் தள்ளிப் பிடித்து இன்னொரு படம் எடுத்தேன். பிறைகள் குலைந்து இதழ்களின் இடது பக்கமாக ஒதுங்கிவிட்டன. மேலே தூக்கிப் பிடித்தேன். அவையும் மேலே ஏறின. என் கை போன பக்கமெல்லாம் அவை வந்தன.

யா அல்லாஹ் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது பூவில் இருந்தால் ஏன் நகர்கிறது?

செல்வி தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "அன்னிக்கே சொன்னேனே மேடம்" என்றார். குத்திக் காட்டுகிற குரலில்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

நான் செய்த அடுத்த காரியத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று, "அக்கா, ஒண்ணும் பதறாதீங்க. அடீனியம் வெயிலுக்கு ஏத்த மாதிரி கலர் மாறும்னு எல்லாருக்கும் தெரியும். இந்த வெயில்ல பிறை மறைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றேன். அடீனியம் நிறம் மாறுவது நிஜம்தான். சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். என் பெயரும் தப்பிக்கும்.

கோமதி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"முப்பது வருஷம் செக்ல கையெழுத்து சரிபார்த்தவ நான். போலின்னு தெரிஞ்சப்புறம் பாஸ் பண்ணுங்கறியா?"

நான் ஃப்ளாஷைப் பையில் போட்டேன்.

"நாலு வருஷமா இதைக் கேட்டுட்டிருந்தேன் மெஹர். கடைசியில வந்திடுச்சுன்னு நினைச்சேன். என் கண்ணு மேல சந்தேகப்பட்டேனே தவிர, உன் கேமரா மேல ஒரு நிமிஷம்கூட சந்தேகப்படலை."

சொல்லிக்கொண்டே அவருடைய கை கண்ணுக்குப் போனது. செல்வி குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். "கசக்காதீங்க மேடம்! ஆபரேசன் பண்ண கண்ணு மேடம்! அழுவாதீங்க!" அக்காவால் அழக்கூட முடியவில்லை. அண்ணாந்து, கண்ணை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்கு ஒன்றும் ஈடாகாது.

6. மண்டபத்தில்

கண்காட்சி அன்றைக்கு அக்கா செடியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. கேமராப் பையும் என் தோளில் இருந்தது.

மண்டப வாசலிலேயே கூட்டம் கூடிவிட்டது. "மேடம், பிறை வந்திடுச்சா? வழி விடுங்கப்பா, வழி விடுங்க!" செடியை மேஜையில் வைத்தார்கள். மூன்று பூ விரிந்திருந்தது. ஃபோனோடு குனிந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். சத்தம் மெல்ல அடங்கியது. பின்னாலிருந்து ஒருவர், "சரிதான், இவங்களும் நெட்டுப் பார்ட்டிதானா" என்றார். அது எல்லார் காதிலும் விழுந்தது.

நடுவர் வயதானவர், மரியாதையானவர். "மேடம், படத்துல இருக்கிற வெள்ளை இதுல இல்லையே?" என்று கேட்டார்.

கோமதி அக்கா நிமிர்ந்து நின்றார். "இல்லை சார். எப்பவுமே இருந்ததில்லை. எனக்குக் கண்புரை. படத்தை நல்லாப் பார்க்காம நான்தான் அனுப்பிட்டேன். தப்பு என்னோடது. செடியைப் போட்டியிலிருந்து எடுத்துக்கறேன்."

என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. அனுப்பியது நான், என் ஃபோனிலிருந்து. அத்தனை பேர் முன்னாலும் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் சும்மா இருந்தால் விஷயம் அதோடு முடிந்துபோகும். ஒரு நொடி சும்மா இருக்கத்தான் தோன்றியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"சார், அவங்க பொய் சொல்றாங்க" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "தப்பு என்னோடது. படம் எடுத்ததும் நான், அனுப்பினதும் நான். அந்தப் பிறை பூவோடது இல்லை, என் ஃப்ளாஷோடது. இப்பவே காட்டறேன்."

காட்டினேன். வளையத்தை லென்ஸில் மாட்டி ஒன்று. பக்கத்தில் பிடித்து ஒன்று. கேமராவைக் கையோடு கை மாற்றிப் பார்த்தார்கள். "அடப்பாவி!" என்று யாரோ சொன்னார்கள். என்னையா, ஃப்ளாஷையா தெரியவில்லை. எனக்கும் பொருந்தும்.

நடுவர் தலையை ஆட்டிக்கொண்டே பட்டியலில் அக்காவின் பெயரை அடித்தார். வேறு வழி கிடையாது. வெளியே இரண்டு பேர் ஏறி ஃப்ளெக்ஸின் கயிற்றை அறுத்தார்கள். எட்டடிப் பிறை நாலாக மடிந்து ஒரு ஓரத்தில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். லேபிளில் 'பிறை' என்பதை அடித்துவிட்டு, கீழே 'அமாவாசை' என்று எழுதினார். "கறுப்புப் பூ. நிலா கிடையாது. இதுதான் உண்மையான பேர்" என்றார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அந்த வாரத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்திரண்டு பேர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காட்டாங்குளத்தூர்ப் பேராசிரியர் மட்டும் ஃபோன் செய்து, "எனக்குக் கறுப்பே போதும்" என்றாராம். அக்கா நடத்தும் அடீனியம் வாட்ஸப் குரூப்பில் சிலர் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

7. இப்போது எப்படி எடுக்கிறேன்

முதல் வேலையாக ஹைலைட் அலர்ட்டைப் போட்டேன். திரையில் ஒரு இதழ் சிமிட்டினாலும் அந்தப் படம் செல்லாது. ஆட்டோமேட்டிக்கை நம்புவதில்லை. கறுப்புப் பூவைப் பார்த்தால் அது வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுகிறது, வெள்ளைப் பூவுக்குக் கஞ்சத்தனம் செய்கிறது. வெளிச்சத்தின் அளவை நானே முடிவு செய்கிற மேனுவலில் வைத்து, முப்பத்திரண்டில் ஒரு பங்கு பவரில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒவ்வொரு படியாக ஏற்றுகிறேன்.

விளக்கு சின்னதாக இருந்தால் மினுக்கம் கூர்மையாக வரும். அதே வெளிச்சத்தைப் பெரிய பரப்பில் பரப்பினால் அது மங்கிப் பரவி, அடியில் இருக்கிற நிறம் தெரியும். அதற்காகக் கடையில் விற்கிற டிஃப்யூசர் எதையும் நான் வாங்கவில்லை. பிரியாணி பார்சல் வருகிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவின் அடியை லென்ஸ் நுழைகிற அளவுக்கு வெட்டி, உள்ளே பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டி மாட்டுகிறேன். முதல் தடவை மசாலா வாசனை போகாமல் எறும்பு வந்துவிட்டது. நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பா பூவுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வளையத்தை லென்ஸின் மூக்கிலேயே வைத்து எடுப்பதை நிறுத்திவிட்டேன். கழற்றிப் பக்கவாட்டில் பிடிக்கிறேன், எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளை அட்டை. மெழுகு பூசினது போன்ற இதழ் என்றால் லென்ஸில் மினுக்கத்தை வடிகட்டும் போலரைஸர் கண்ணாடியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறேன். ஃப்ளாஷின் முகத்திலும் ஒரு போலரைஸர் தாளை ஒட்டினால் மினுக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அடியோடு துடைத்தாலும் பூ உயிரில்லாத காகிதப் பூவாகிவிடும், கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு என்பது நீங்களே எடுத்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எந்தப் பூவானாலும் இரண்டு படம். ஒன்று விளக்கு இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். வெள்ளை நகர்ந்தால் அது என்னுடையது. நகராவிட்டால்தான் பூவினுடையது. கோமதி அக்கா குரூப்பில் இப்போது இரண்டு படம் இல்லாமல் யாரும் புது ரகம் போடக் கூடாது. அந்தச் சட்டம் போட்டதும் அக்காதான். பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களும் இப்போது அதன்படிதான் போடுகிறார்கள்.

8. செல்வியைக் கேட்டேன்

அமாவாசையை வெள்ளை ஓரம் போட்ட பழைய செடியோடு அக்கா மறுபடியும் சேர்த்தார். கொம்பு கொம்பாகக் காய் வந்தது. விதை போட்டு ஐம்பது நாற்று. ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் போனால் டீ கிடைக்கும். பழைய கதையை யாரும் எடுக்கமாட்டோம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் ஃபோன் வந்தது. அக்கா குரலில் ஒரு பதற்றம். "மெஹர், வாம்மா. கேமராவை எடுத்துட்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே பாரு."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். மேலே போனால் அக்கா ஒரு சின்னத் தொட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். செல்வி பக்கத்தில் மண் கலந்துகொண்டிருந்தார். நான் பையைத் திறக்கவில்லை.

"செல்வி, முதல்ல நீங்க பாருங்க. பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க."

செல்விக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துண்டை விலக்கிக் குனிந்தார். ஒரு பக்கம் பார்த்தார். சுற்றி வந்து அந்தப் பக்கமும் பார்த்தார். வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டும் பார்த்தார்.

"ஓரத்துல வெள்ளையா கீது மேடம். சுண்ணாம்புல கோடு இஸ்த மாரி."

அதற்குப் பிறகுதான் கேமராவை எடுத்தேன். டப்பாவை மாட்டி, பவரைக் குறைத்து, விளக்கை இடது பக்கம் பிடித்து ஒன்று. வலது பக்கம் ஒன்று. மேலே ஒன்று. கடைசியாக ஃப்ளாஷையே அணைத்துவிட்டு, நிழலில் வெறும் பகல் வெளிச்சத்தில் ஒன்று. எதுவும் சிமிட்டவில்லை. நாலு படத்தையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். ஐந்து கறுப்பு இதழ். ஐந்திலும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. நாலு படத்திலும் அதே இடத்தில் இருந்தது.

நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள்.

"நகரலைக்கா! அக்கா, நகரவே இல்லைக்கா!"

கோமதி அக்கா என்னிடமிருந்து கேமராவை வாங்கிக்கொள்ளவில்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. இந்தத் தடவை யாரும் அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

"பேர் என்னக்கா வைக்கப் போறீங்க?"

"பேரெல்லாம் இப்ப கிடையாது. மூணு தரம் பூக்கட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு செல்வியின் பக்கம் திரும்பினார். "செல்வி, இன்னொரு தரம் பாரு. நிஜமாவே இருக்கா?"

செல்வி மறுபடியும் குனிந்தார்.

"கீது மேடம். நல்லாவே கீது."